உள்ளே இருந்தவர்

கார்த்திகை மாதத்து ஒரு திங்கட்கிழமை, காலை ஏழரை மணிக்கு, பாதர் கொட்வின் முகாம் வாசலில் காரை நிறுத்தி அடையாள அட்டையை நீட்டினார். இன்னும் சரியாக விடியவில்லை. மழை என்றும் சொல்ல முடியாத, பனிப்புகார் என்றும் சொல்ல முடியாத ஓர் ஈரம் மரங்களுக்கு மேலே தொங்கிக்கொண்டு நின்றது. ஹம்பேர்க்கிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் தெற்கே, ஊசியிலைக் காட்டை வெட்டிக் கட்டிய ஜேர்மன் படைமுகாம் அது. காவலாளி அட்டையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், பிறகு காரின் பக்கத்து இருக்கையையும் ஒருமுறை பார்த்தான். ஒன்றும் கேட்காமல் தடுப்பை உயர்த்தினான்.

பாதர் இரண்டு கிழமை ஒரு மடத்தில் தியானம் இருந்துவிட்டு வருகிறார். மன்னாரில் பிறந்து, ஆறு வயதில் தாய் தகப்பனோடு அகதியாக ஜேர்மனியின் எசன் நகரத்துக்கு வந்து, அங்கேயே படித்துக் குருவானவர் ஆனவர். நாலு வருடமாக ஜேர்மன் படையினருக்குக் கத்தோலிக்கக் குருவாக இருக்கிறார். எசன் தமிழ்ச் சனத்துக்கு அதில் பெரிய பெருமை. இலங்கை ஆமிக்குப் பயந்து ஓடிவந்த சனம், தங்கள் பிள்ளை ஆமிக்கே பிரசங்கம் வைக்கிறான் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது.

குருவானவரின் பணிமனை முகாமின் ஓரத்தில் ஒரு பழைய செங்கல் வீடு. தொண்ணூறு வருடத்துக்கு முந்திக் கட்டியது. அந்தக் காலத்தில் அதற்குள் யார் இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று ஒருவரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. கதவைத் திறந்ததும் நிலத்துக்குப் பூசும் மெழுகின் மணம் வந்தது. அன்று அதற்குள் இன்னொன்றும் கலந்திருந்தது. நனைந்த கம்பளித் துணியின் மணம்.

முன் அறையில் ஃபிறாவ் ஹென்னிங் இருந்தார். பத்தொன்பது வருடமாக அந்த வீட்டில் உதவியாளராக இருக்கும் பெண்மணி. ஐந்து குருமாரைக் கண்டவர். பாதரைக் கண்டதும் கையில் கோப்பியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்கள் வெளியிலேயா நிற்கிறீர்கள்?" என்று ஜேர்மன் மொழியில் கேட்டார். "உள்ளே கதைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றல்லவா நினைத்தேன். அரை மணித்தியாலமாகக் குரல் கேட்கிறது."

"யாருடைய குரல்?"

"அதை நான் கவனிப்பேனா, ஹெர் பாரர்?" குருவானவரை ஜேர்மன் முறைப்படி அழைத்து, ஃபிறாவ் ஹென்னிங் கொஞ்சம் மனம் நொந்தவராகச் சொன்னார். "உள்ளே நடப்பதை நான் கேட்பதில்லை. ஆள் இருக்கிறது என்று மட்டும் தெரியும்."

பாதர் நடையின் கடைசிக்குப் போனார். அவருடைய அறைக் கதவு பூட்டியிருந்தது. கதவில் தொங்கும் சிறிய மரப்பலகை திரும்பியிருந்தது. *உரையாடல் நடக்கிறது. தயவுசெய்து தட்ட வேண்டாம்.* போகும்போது அதை மறுபக்கம் திருப்பிவிட்டுப் போனது அவருக்கு நல்ல ஞாபகம்.

தன் திறப்பால் திறந்தார்.

ஒருவரும் இல்லை. யன்னல் பூட்டியிருந்தது. வருகிறவர்கள் இருக்கும் நாற்காலி மட்டும் மேசைக்குக் கிட்டவாக, ஆள் குனிந்து கதைப்பதற்கு வசதியாக இழுத்துவிடப்பட்டிருந்தது. அவர் அதைத் திரும்பத் தள்ளிவைக்கப் போய், கையை இருக்கையில் ஊன்றினார்.

இருக்கை சூடாக இருந்தது.

அந்தப் பலகையின் கதையை இப்போதே சொல்லிவிட வேண்டும். படைக்குருவுக்குப் பதவி நிலை கிடையாது. அவருக்கு ஒருவரும் சல்யூட் அடிப்பதில்லை, அவர் ஒருவருக்கும் கட்டளையிடுவதுமில்லை. அவருக்கு இருக்கிற ஒரே பலம் அந்தக் கதவு. கதவுக்கு உள்ளே ஒரு சிப்பாய் சொல்வதை முகாம் தளபதி கேட்க முடியாது, நீதிமன்றமும் கேட்க முடியாது. யார் வந்தார் என்றுகூடக் கேட்க முடியாது. அதனால் பலகை திரும்பியிருந்தால் அந்த வீட்டில் எவரும் மூச்சுக்கூடச் சத்தமாக விடமாட்டார்கள். ஃபிறாவ் ஹென்னிங் உள்ளே ஏதும் கொண்டுபோக வேண்டி வந்தாலும் நிலத்தைப் பார்த்தபடிதான் போவார், நிலத்தைப் பார்த்தபடிதான் வருவார். வந்திருப்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை என்பது அவருடைய பத்தொன்பது வருடப் பழக்கம்.

அவ்வளவு மரியாதையுள்ள பலகை, வேறு காரியங்களுக்கும் வசதிதானே. பாதருக்கு முந்தியிருந்தவர்கள் மத்தியானத் தூக்கத்துக்கு அதைத் திருப்பியிருக்கிறார்கள். பாதர் கொட்வின் தூங்குகிற ஆள் இல்லை. அவர் பிரசங்கம் எழுதுவதற்குத் திருப்புவார்.

ஐப்பசி மாதத்து ஒரு வியாழக்கிழமையும் திருப்பினார். அடுத்த ஞாயிறு படையினருக்கான ஆயர் முகாமுக்கு வருவதாக இருந்தது. பேர்லினில், ஆயரகத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, கொட்வினின் பெயர் அடிபடுகிறது என்று காதில் போட்டிருந்தார்கள். ஆயருக்கு முன்னால் பேசும் வார்த்தை ஒன்றொன்றும் நறுக்காக இருக்க வேண்டாமா? இரண்டு மணிக்குப் பலகையைத் திருப்பிவிட்டு, தனியே இருந்து எழுதினார். நல்ல ஆயனைப் பற்றிய பிரசங்கம்.

இரண்டு பத்துக்கு சுலக்‌ஷன் வந்தான்.

சுலக்‌ஷன் எசன் பொடியன். இருபத்துமூன்று வயது, வாகனத் திருத்துநர் பிரிவில் வேலை. லித்துவேனியாவில் ஆறு மாதம் நின்றுவிட்டு வந்திருந்தான். அவன் படையில் சேரப் போகிறேன் என்று நின்றபோது தாய் லூர்தம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. ஊரில் தன் அண்ணனை ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டவள் அவள். அவளைச் சம்மதிக்க வைத்தது வேறு யாரும் இல்லை, பாதர் கொட்வின்தான். "அக்கா, இது அந்த ஆமி இல்லை. அங்கை நான் இருக்கிறன். ஏதும் எண்டால் என்ரை கதவைத் தட்டட்டும்" என்று அவளுடைய வீட்டுக் கதிரையில் இருந்து சொன்னார். அவள் நம்பினாள்.

அவன் தட்டவில்லை. பலகை திரும்பியிருந்ததே. நடையில் இருந்த நாற்காலியில் நாற்பது நிமிடம் இருந்தான். ஃபிறாவ் ஹென்னிங் மனம் கேட்காமல், ஒருதரம் தட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். "வேண்டாம்," என்றான் அவன். "உள்ளே இருப்பவருக்கு என்னைவிடக் கஷ்டம் கூடவாக இருக்கும்." பிறகு எழுந்து, நாற்காலியைச் சுவரோடு நேராக வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த நாள் காலை வாகனக் கொட்டிலுக்குப் பின்னால் காட்டுக்குள் அவனுடைய உடலைக் கண்டெடுத்தார்கள். தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான்.

விசாரணைக்கு வந்த மேஜர் நல்ல மனுசன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் கேட்டார். "வியாழன் இரண்டிலிருந்து மூன்றுவரை நீங்கள் ஒருவரோடு உரையாடலில் இருந்தீர்கள். அப்படித்தானே?"

ஒருவரும் இல்லை என்று சொல்ல பாதர் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தைதான். அது தொண்டைவரைக்கும் வந்தது. அந்தக் கணத்தில் பேர்லின் வந்தது, ஆயர் வந்தார், எசன் சனம் வந்தது, லூர்தம்மாவின் வீட்டுக் கதிரை வந்தது.

"அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது," என்றார்.

மேஜர் தலையைச் சாய்த்து, மரியாதையாக விசாரணைக் கோப்பை மூடினார்.

நான் பொய் சொல்லவில்லை என்று பாதர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்ல முடியாது என்றுதான் சொன்னேன், சொல்ல முடியாமல்தானே இருந்தது. குருமாருக்கு இப்படிப் பூசி மெழுகக் கற்றுக்கொடுக்கவா வேண்டும்? ஞாயிறு ஆயர் வந்தார். இறந்த பிள்ளைக்காக மன்றாடினார். பிறகு தன் பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், "மிகப் பெரிய நெருக்கடியிலும் ஓர் ஆன்மாவின் இரகசியத்தைக் காத்த குருவானவரை" மெச்சினார். முன் வரிசையில் இருந்த அதிகாரிகள் எல்லோரும் பாதரைத் திரும்பிப் பார்த்தார்கள். பேர்லின் கடிதம் பத்தே நாளில் வந்தது.

ஆனால் உண்மையான பொய் எசனில், சேமக்காலையில்தான் நடந்தது. பெட்டியை இறக்கி மண் போட்ட பிறகு லூர்தம்மா அவருடைய கையைப் பிடித்தாள். அவள் அழவில்லை.

"பாதர், அண்டைக்கு உள்ளுக்கு இருந்த பிள்ளை," என்றாள். "அது தப்பிட்டுதோ?"

எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஓம் அக்கா," என்றார் பாதர்.

"அது காணும், போதும் எனக்கு," என்றாள் அவள். "என்ரை பிள்ளை தன்ரை இடத்தை வேறை ஒரு பிள்ளைக்கு விட்டுக் குடுத்திருக்கு."

தியானத்துக்குப் போன மடத்தில் பாதருக்கு இரண்டு கிழமையும் ஒரு செபமும் ஓடவில்லை. அவளிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். வேறு எதுவும் வேண்டாம், அதை மட்டும் சொல்லி, அவள் என்ன சொன்னாலும் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு வரவேண்டும். அப்படித் தீர்மானித்துக்கொண்டுதான் திரும்பி வந்தார். வந்த இடத்தில்தான் நாற்காலி சூடாக இருந்தது.

அந்தக் கிழமை ஒருவரும் அவரிடம் வரவில்லை. புதன்கிழமை சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு சார்ஜன்ட் அவரை மறித்தார். "இரண்டு தரம் வந்தேன், ஹெர் பாரர். இரண்டு தரமும் உங்களோடு ஆள் இருந்தது. பரவாயில்லை, இன்னொரு நாள் வருகிறேன்."

"எப்போது வந்தீர்கள்?"

"நேற்று. அதற்கு முதல் நாளும்."

இரண்டு நாளும் பாதர் அறைக்குள் தனியே, கதவைப் பார்த்தபடி, யாராவது வரமாட்டார்களா என்றுதான் இருந்தார்.

அவர் பலகையைக் கழற்றி மேசை இலாச்சிக்குள் போட்டார். வியாழன் காலை அது கதவில் தொங்கியது. ஃபிறாவ் ஹென்னிங்கைக் கேட்டார். நான் தொடவில்லை என்றார் அவர். அதை இரண்டாக முறித்து வெளிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, கதவை அகலத் திறந்துவைத்து, ஒரு கல்லை முட்டுக்கொடுத்தார். திறந்திருக்கிற கதவுக்குப் பலகை எதற்கு?

மத்தியானம் ஃபிறாவ் ஹென்னிங் கோப்பி கொண்டுவந்தார். வாசலில் வந்ததும் அவருடைய நடை மெதுவானது. கண்கள் நிலத்துக்குப் போயின. மேசையில் ஒரு கோப்பையை வைத்தார். பிறகு இன்னொன்றை, நாற்காலிக்கு முன்னால் வைத்தார். திரும்பிப் போகும்போது குனிந்து கல்லை எடுத்துவிட்டு, கதவை மெல்லச் சாத்தினார்.

பாதர் பாய்ந்துபோய்க் கதவைத் திறந்தார். "ஏன் சாத்துகிறீர்கள்?"

"ஆள் இருக்கும்போது கதவு திறந்திருக்கக் கூடாதே," என்று ஃபிறாவ் ஹென்னிங் கிசுகிசுத்தார்.

"ஆள் இல்லை. பாருங்கள். நிமிர்ந்து பாருங்கள்."

அவர் நிமிரவில்லை. முகம் வெளிறியிருந்தது. பத்தொன்பது வருடப் பழக்கத்தை அவரால் விட முடியவில்லையா, விடப் பயமாக இருந்ததா, தெரியாது.

"சப்பாத்தை மட்டும்தான் பார்த்தேன்," என்றார். "ஈரமாக இருக்கின்றன. சேறு."

பாதர் திரும்பினார்.

நாற்காலிக்குக் கீழே, மெழுகு பூசிய நிலத்தில், இரண்டு ஈரத் தடங்கள்.

அவற்றின் முனைகள் அவருடைய மேசையைப் பார்த்திருந்தன.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் டெக்கான் ஹோல்ட்காம்ப்பிடம் போனார். அந்தப் பகுதிப் படைக்குருமாருக்கெல்லாம் மேலானவர், அறுபது வயது, நரைத்த தலை, இனிய குரல். பாதர் முழங்காலில் நின்று பாவசங்கீர்த்தனம் செய்தார். அறை வெறுமையாக இருந்தது, மேஜரிடம் மறைத்தேன், சேமக்காலையில் தாயிடம் பொய் சொன்னேன் என்று ஒன்றும் விடாமல் சொன்னார். டெக்கான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மன்னிப்பு வழங்கினார். பிறகு எழுந்து தன் கையாலேயே தேநீர் ஊற்றினார்.

"அந்தத் தாயிடம் போகப் போகிறேன்," என்றார் பாதர்.

"எதற்கு?"

"உண்மையைச் சொல்ல."

டெக்கான் சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தார். "கொட்வின், நீங்கள் போய்ச் சொன்னால் அந்தப் பெண்ணிடம் மிச்சமிருக்கிற ஒரே ஆறுதலையும் பறித்துவிடுவீர்கள். உங்கள் மனப்பாரம் குறையும். அவளுடையது? இன்னொன்றையும் யோசியுங்கள். நாளைக்கு இது வெளியில் வந்தால் என்ன சொல்வார்கள்? குருமாரின் இரகசியம் என்பது வெறும் அறை என்பார்கள். எங்கள் எல்லோருடைய கதவையும் நீங்கள் உடைத்துவிடுவீர்கள்."

"அப்படியென்றால் அந்தப் பிள்ளை?"

"கடவுள் உங்களை மன்னித்துவிட்டார். அதற்குமேல் யாருடைய மன்னிப்பு வேண்டும் உங்களுக்கு? பேர்லினுக்குப் போங்கள். நல்லபடியாக வேலை செய்யுங்கள்."

இப்படித்தான் முடிந்தது. பாவம் போய்விட்டது, மேஜரின் விசாரணை அறிக்கை அப்படியே இருந்தது. எந்தப் பிழையும் கை அழுக்காகாமல் கழுவப்படும் இடம் ஒன்று உண்டென்றால் அது டெக்கானின் அறைதான். பாதர் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். டெக்கான் வழியனுப்ப வந்து, யன்னலால் வெளியே பார்த்தார்.

"கூட வந்த பையனை ஏன் காருக்குள்ளேயே விட்டுவிட்டீர்கள்?" என்றார். "இந்தக் குளிரில். உள்ளே கூப்பிட்டிருக்கலாமே."

காருக்குக் கிட்டப் போகும்வரை பாதர் நிமிரவில்லை. பக்கத்து இருக்கையில் ஒருவரும் இல்லை. அந்தப் பக்கத்துக் கண்ணாடி மட்டும் உள்ளிருந்து ஆவி படிந்திருந்தது.

முகாமுக்குத் திரும்பும்போது மூன்றரை மணி. அதற்குள்ளேயே இருட்டத் தொடங்கிவிட்டது. ஃபிறாவ் ஹென்னிங் நேரத்தோடு போய்விட்டார். கதவில் பலகை தொங்கியது, முறிந்த அடையாளமே இல்லாமல். பாதர் கைப்பிடியில் கையை வைத்தார். எடுத்தார்.

உள்ளே கதைத்தார்கள்.

நடையில் இருந்த நாற்காலியில் அமர்ந்தார். சுலக்‌ஷன் இருந்த நாற்காலி. அதில் அவர் ஒருநாளும் இருந்ததில்லை. அங்கே இருந்து பார்க்கும்போது கதவு எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

ஒரு குரல் இளங்குரல். சொற்கள் விளங்கவில்லை. தடக்கித் தடக்கி வந்தது, பிறகு நின்றது, பிறகு மூக்கைச் சிந்தும் சத்தம். தமிழ் என்பது மட்டும் தெரிந்தது.

மற்றக் குரல் பதில் சொன்னது. பொறுமையான குரல். அவசரம் இல்லாத குரல். ஒரு மனுசனை முழுதாகக் கேட்கிற குரல்.

அந்தக் குரல் அவருடையது.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். கதவுக்கு அந்தப் பக்கம் பாதர் கொட்வின், அன்று கதைத்திருக்க வேண்டிய கதையெல்லாம் கதைத்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு நான் சொல்லுறன். டொக்டரிட்டை நானே கூட்டிக்கொண்டு போறன். இண்டைக்கு நீர் தனிய இருக்க வேண்டாம், இஞ்சையே நில்லும். எவ்வளவு சுகமாக, எவ்வளவு இலேசாக வந்தன அந்த வார்த்தைகள். ஆயருக்காக எழுதிய பிரசங்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கவில்லை. நடையில் இருந்தபடி பாதர் தேம்பித் தேம்பி அழுதார்.

இளங்குரல் ஏதோ கேட்டது. நேரம் போகிறதே, நான் போகவா என்பதுபோல.

"அவசரப்படாதையும் தம்பி," என்றது அவருடைய குரல். "வெளியில ஒருத்தரும் காத்துக்கொண்டு இல்லை."

அதோடு எல்லாச் சத்தமும் நின்றது.

பாதர் எழுந்து ஓடினார். குடையையும் விட்டுவிட்டு, காரையும் விட்டுவிட்டு, காவல் வாசலைத் தாண்டி, பஸ் தரிப்பிடம்வரை ஓடினார்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் எசனில் நின்றார். ரயிலில் நாலு மணித்தியாலமும் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்ற பெட்டியாகப் பார்த்து, நின்றபடியே வந்தார். பக்கத்தில் ஒரு வெறும் இருக்கை இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. லூர்தம்மாவின் மாடிக் குடியிருப்பின் கீழே வந்து மணியை அடித்தபோது, டெக்கான் சொன்னது, பேர்லின், ஆயர் எல்லாம் மனத்தைவிட்டுப் போயிருந்தன. இதைச் சொல்லாமல் இனி ஒரு நாளும் இருக்க ஏலாது என்பது மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

"வாங்கோ பாதர்," என்றாள் லூர்தம்மா. அவள் கொஞ்சம் தேறியிருந்தாள். தலை வாரி இழுத்து, நல்ல சட்டை போட்டிருந்தாள். குசினியில் மீன் குழம்பு கொதிக்கும் மணம் வந்தது. சுலக்‌ஷனின் படத்துக்கு முன்னால் ஒரு சின்ன மின்விளக்கு எரிந்தது. சீருடையில், சிரித்தபடி இருந்தான்.

பாதர் அதே கதிரையில் இருக்கவில்லை. நிலத்தில், அவளுடைய காலடியில் முழங்காலில் நின்றார்.

"ஐயோ பாதர், என்ன இது, எழும்புங்கோ."

"அக்கா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. இடையில மறிக்காதேங்கோ." அவருக்கு மூச்சு வாங்கியது. "அண்டைக்கு உள்ளுக்கு ஒருத்தரும் இருக்கேல்லை. நான் தனிய இருந்தனான். பிரசங்கம் எழுதினனான். ஆரும் குழப்பக் கூடாது எண்டு அந்தப் பலகையைத் திருப்பிவிட்டனான். உங்கட பிள்ளை நாப்பது நிமிசம் வெளியில இருந்துட்டுப் போட்டான். நான் சும்மாதான் உள்ளுக்கு இருந்தனான், அக்கா. விசாரணையிலயும் மறைச்சிட்டன். உங்களுக்கும் பொய் சொல்லிப்போட்டன்."

சொல்லிவிட்டார். ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. இனி அவள் அடிக்கட்டும், திட்டட்டும், வெளியே போகச் சொல்லட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. அவளுடைய கை அவருடைய தலையில் மெல்லப் பட்டது.

"அவர் சொன்னவர், பாதர்," என்றாள் லூர்தம்மா.

"ஆர்?"

"நீங்கள் இப்பிடி வந்து சொல்லுவீங்கள் எண்டு. என்ரை பிள்ளையைப் பறிகுடுத்த துக்கத்தில நீங்கள் எல்லாப் பழியையும் உங்கட தலையில போடுவீங்களாம். நம்ப வேண்டாம் எண்டு சொன்னவர்."

"ஆர் அக்கா சொன்னது?"

"அண்டைக்கு உள்ளுக்கு இருந்தவர்."

குசினியில் குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டது.

"அடக்கம் முடிஞ்ச அடுத்த கிழமை வந்தவர்," என்றாள் அவள். "மணி அடிச்சு, நான்தான் அம்மா அது எண்டு வாசலில நிண்டு அழுதார். ஆர் எண்டு வெளியில சொல்ல வேண்டாம் எண்டு கேட்டவர். நான் ஏன் சொல்லப் போறன்? நல்ல பிள்ளை, பாதர். மரியாதையான பிள்ளை. அடிக்கடி வருவார், என்னோட இருந்து சாப்பிடுவார், செபம் சொல்லுவார்."

"தமிழரோ?"

"தமிழ்தான் கதைக்கிறார்."

"எப்பிடி இருப்பார்?"

அவள் யோசித்தாள். நெற்றியைச் சுருக்கினாள். "அதுதான் எனக்கும் வெக்கமாக் கிடக்கு. முகத்தைப் பாத்துக் கதைக்கிறனான். ஆள் போன பிறகு ஞாபகத்தில நிக்குதில்லை. வயசு போகுதாக்கும்."

பாதர் அவளுடைய இரண்டு கைகளையும் இறுகப் பிடித்தார். "அக்கா, என்னை நம்புங்கோ. அப்பிடி ஒரு ஆள் இல்லை. அது என்னெண்டு எனக்குத் தெரியாது. ஆனா அது மனுசர் இல்லை. அவரை இனி வீட்டுக்குள்ள விடாதேங்கோ."

லூர்தம்மா கைகளை உருவிக்கொண்டாள். அவளுடைய முகத்தில் இவ்வளவு நாளும் இல்லாத ஒரு கோபம் வந்தது. அவர் எதிர்பார்த்து வந்த கோபம்தான். ஆனால் வேறு காரணத்துக்காக வந்த கோபம்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ பாதர். அந்தப் பிள்ளை இருக்கிறபடியாத்தான் நான் இருக்கிறன். இல்லாட்டி அண்டைக்கே என்ரை மோனோட போயிருப்பன். அவர் உங்களைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. பாதர்தான் எனக்கு உயிர் தந்தவர் எண்டு வாய்க்கு வாய் சொல்லுறார். நீங்கள் என்னடா எண்டால் அவர் மனுசர் இல்லை எண்டுறியள்."

"அக்கா, நான் மன்னிப்புக் கேக்க வந்தனான்."

"உங்களை மன்னிக்க என்ன இருக்கு? நீங்கள் உங்கட வேலையைச் செய்தனீங்கள்." அவள் முந்தானையைத் தேடுவதுபோலக் கையால் தோளைத் தடவிவிட்டு எழுந்தாள். பேச்சு முடிந்துவிட்டது. "களைச்சுப் போனியள். எழும்பி முகம் கழுவுங்கோ. சாப்பிட்டுட்டுப் போகலாம்."

பாதர் முழங்காலிலேயே நின்றார். இனி எந்த வாசலில் போய் விழுவது? கடவுள் மன்னித்துவிட்டார் என்று டெக்கான் சொல்லிவிட்டார். மன்னிக்க ஒன்றுமில்லை என்று லூர்தம்மா சொல்லிவிட்டாள். அவருடைய பொய்க்கு அந்த வீட்டில் பாய் போட்டுப் படுக்க இடம் கிடைத்திருந்தது. உண்மைக்குத்தான் நிற்கவும் இடமில்லை.

அப்போதுதான் குசினியில் தண்ணீர் ஓடும் சத்தத்தை அவர் கவனித்தார். வெகுநேரமாக ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். யாரோ ஒருவர் கோப்பைகளை ஒன்றொன்றாகக் கழுவி, துடைத்து, அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வீட்டில ஆரும் நிக்கினமோ?" என்று பாதர் கேட்டார். அவருடைய குரல் அவருக்கே கேட்கவில்லை.

லூர்தம்மாவின் கோபம் அதற்குள் ஆறிவிட்டது. பிள்ளை செத்த பிறகு முதல்முறையாக அவள் சிரித்ததை அவர் கண்டார். அவள் குசினிப் பக்கம் திரும்பி, செல்லமாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, கழுவினது காணும். பாதர் வந்திருக்கிறார், வந்து கதையும்."

தண்ணீர் நின்றது.

குசினிக் கதவுக்குப் பின்னால் ஓர் இளங்குரல், மரியாதையாக, நல்ல மன்னார்த் தமிழில் பதில் சொன்னது.

"வாறன் அம்மா. கையைத் துடைச்சுப்போட்டு வாறன்."